வாட்ஸ்அப்பில் ஏஐ பாட் வாங்கச் சொல்கிறார்கள், சின்னக் கடைக்கு இது தேவையா?

கோவில்பட்டி_கடை

எங்களுடையது கடலை மிட்டாய் வியாபாரம். கூடவே எள்ளுருண்டை, காராச்சேவு, மிக்சர். கடையில் நானும் வீட்டுக்காரரும், மிட்டாய் போடுகிற இடத்தில் ஏழெட்டுப் பேர். 2020இல் கோவில்பட்டி கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூர் ஆர்டர் கூடிவிட்டது, அதில் பெரும்பகுதி வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. சாயங்காலம் கடையில் கூட்டம் நிற்கும் நேரம் பார்த்துத்தான் போனும் ஓயாமல் அடிக்கும். கடையை அடைத்துவிட்டு ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் பதில் போடுகிறேன், அதற்குள் சிலர் வேறு கடையில் வாங்கிவிடுகிறார்கள்.

போன வாரம் ஒருவர் வந்து ஏஐ பாட் போட்டுத் தருகிறேன் என்றார். மாதம் 4,000 ரூபாய், ஆரம்பத்தில் தனியாக ஒரு தொகை. ராத்திரி பகல் எந்நேரமும் அதுவே பதில் சொல்லும், ஆர்டர் எடுக்கும், நீங்கள் போனைத் தொடவே வேண்டாம் என்கிறார். எங்கள் வாடிக்கையாளர்களோ அண்ணாச்சி, அக்கா என்று முறை சொல்லிப் பேசுகிறவர்கள். பயன்படுத்திப் பார்த்தவர்கள் நல்லது கெட்டது இரண்டையும் சொல்லுங்கள்.

திருப்பூர்_காஜா

அக்கா, பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். போன மாதம் வந்த வாட்ஸ்அப் செய்திகளை மேலிருந்து கீழே ஒருமுறை படித்து, எந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது என்று ஒரு நோட்டில் குறியுங்கள். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியிலேயே 'குயிக் ரிப்ளை' என்று ஒன்று இருக்கிறது, சாய்கோடு போட்டு ஒரு சொல் அடித்தால் முழுப் பதிலும் வந்து நிற்கும். பொருளையும் விலையையும் படத்தோடு காட்ட கேட்டலாக் இருக்கிறது. கடை மூடியபின் தானாகப் போகிற 'அவே மெசேஜ்' இருக்கிறது. எதற்கும் காசு கிடையாது. இந்தச் செயலி இந்தியாவுக்கு வந்தது 2018இல், இன்னமும் பாதிக் கடைகள் இதையெல்லாம் திறந்துகூடப் பார்த்ததில்லை. இவ்வளவும் செய்த பிறகு எது மிஞ்சுகிறதோ அதுதான் ஏஐக்கு வேலை.

எனக்கு ஏஐ எங்கே உதவுகிறது என்றால், நான் காஜா பட்டன் (துணியில் பட்டன் துளை போட்டுப் பட்டன் தைக்கிற) ஜாப் வொர்க் யூனிட் வைத்திருக்கிறேன். முன்பு பையரோடு, அதாவது ஆர்டர் கொடுத்து வாங்குகிறவரோடு, நேராகப் பேச இங்கிலீஷ் வராது, நடுவில் இருக்கிற மெர்ச்சண்டைசர் சொல்வதுதான் வேதம். இப்போது மெயிலை அப்படியே கொடுத்து 'இதில் என்னை என்ன செய்யச் சொல்கிறார்கள், எந்தத் தேதிக்குள், நான் திருப்பிக் கேட்க வேண்டியது எது' என்று தமிழில் கேட்கிறேன். பதிலையும் தமிழில் சொல்லி இங்கிலீஷில் வாங்கி, எண்களை ஒருமுறை விரல் வைத்துச் சரிபார்த்து அனுப்புகிறேன். போன வருஷம் கிடைத்த ஒரு ஆர்டர் இப்படி நேராகப் பேசியதால்தான் வந்தது. சின்ன ஆளுக்கு இது பெரிய விஷயம்.

மதுரை_ப்ளவுஸ்

பாட் போட்ட அனுபவம் எனக்கு இருக்கிறது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். 'துணி எப்போ ரெடி ஆகும்' என்று யார் கேட்டாலும் 'வெள்ளிக்கிழமைக்குள் தயாராகிவிடும்' என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது. எங்களிடம் எத்தனை ப்ளவுஸ் வரிசையில் கிடக்கிறது, ஆரி வேலை செய்கிற பெண் ஊருக்குப் போயிருக்கிறாளா, லைனிங் துணி வந்துவிட்டதா, இதில் எதுவுமே அதற்குத் தெரியாது. கேட்டவரைத் திருப்திப்படுத்துகிற பதிலைச் சொன்னது, அவ்வளவுதான். வைகாசி முகூர்த்த நேரம். கல்யாணப் பெண்ணின் அம்மா வந்து போனைக் காட்டி 'உங்க கடைதானே சொல்லிச்சு' என்று கேட்டபோது நான் என்ன சொல்ல முடியும்? விற்றுப் போனவர்களைக் கூப்பிட்டால் 'டிரெய்னிங் பத்தலை மேடம்' என்றார்கள்.

நாள், விலை, அளவு மூன்றையும் மனுஷர்தான் சொல்ல வேண்டும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஸ்கார்பரோ_பலசரக்கு

அக்கா சொல்லுறது இங்கே கனடாவிலே தீர்ப்பாகவே வந்திருக்கு. ஏர் கனடாவின்ர தளத்திலே இருந்த சாட்பாட், பாட்டி செத்துப் போனதுக்காகப் பயணம் செய்த ஒருவருக்கு, 'இப்ப முழுக் காசுக்கு டிக்கெட் எடுங்கோ, 90 நாளுக்குள்ள விண்ணப்பிச்சால் துக்கப் பயணத்துக்கான கட்டணக் கழிவு கிடைக்கும்' எண்டு சொல்லிப்போட்டுது. கொம்பனியின்ர உண்மையான விதி அதுக்கு நேரெதிர். காசைத் திருப்பித் தர மறுத்ததோட, சாட்பாட் ஒரு தனிச் சட்ட ஆள் மாதிரி, அது சொன்னதுக்கு அதுதான் பொறுப்பு எண்டும் வாதாடினவை. பிரிட்டிஷ் கொலம்பியாத் தீர்ப்பாயம் 2024 பெப்ரவரியில அதை ஏற்கேல்லை. தளத்திலே இருக்கிற எல்லாத்துக்கும் கொம்பனிதான் பொறுப்பு எண்டு சொல்லி, வட்டி செலவோட சேர்த்து ஏறக்குறைய 812 டொலர் குடுக்க வைச்சது.

தொகை சின்னன்தான். ஆனால் விமானக் கொம்பனிக்கே அந்தக் கதை செல்லேல்லை எண்டால், மிட்டாய்க் கடைக்கு எப்படிச் செல்லும்? உங்கட பேரிலே போற செய்தி எல்லாம் உங்கட வாய்ச்சொல்தான்.

கோவை_நிரல்

நான் இந்த பாட் எழுதுகிற வேலையில்தான் இருக்கிறேன், அதனால் இரண்டு பக்கமும் சொல்கிறேன். மேலே சொன்ன இரண்டு கதையும் உண்மை, ஆனால் இரண்டிலும் பாட் எதைப் பேசலாம் என்று எல்லை போடாமல் விட்டிருக்கிறார்கள். ஒழுங்காகச் செய்தால் அது தன் மனதிலிருந்து எதுவும் பேசக் கூடாது. நீங்கள் எழுதிக் கொடுத்த விலைப்பட்டியல், கூரியர் விதி, கடை நேரம், இவற்றிலிருந்து மட்டும் எடுத்துச் சொல்ல வேண்டும். அதில் பதில் இல்லையென்றால் 'அக்காவிடம் கேட்டுச் சொல்கிறேன்' என்று உங்களிடம் தள்ளிவிட வேண்டும். ஆர்டரை அது எடுக்கலாம், உறுதி செய்வது நீங்கள். இப்படி எல்லை போட்டாலும் எப்போதாவது தவறும், ஆனால் வெள்ளிக்கிழமை ரெடி என்று வாக்குக் கொடுக்கிற அளவுக்குப் போவது அரிது.

ராத்திரி பதினொரு மணிக்கு அமெரிக்காவிலிருந்து ஒருவர் 'சென்னையில் அம்மா வீட்டுக்கு அனுப்ப முடியுமா' என்று கேட்டால், உடனே 'முடியும், கிலோ இவ்வளவு, கூரியர் இவ்வளவு' என்று சொல்வதற்கு மதிப்பு இருக்கிறது. அதை மறுக்காதீர்கள்.

செலவு விஷயம். வாடிக்கையாளர் எழுதிய 24 மணி நேரத்துக்குள் நீங்கள் அனுப்பும் சாதாரணப் பதிலுக்கு வாட்ஸ்அப்பை நடத்துகிற மெட்டா கட்டணம் வாங்குவதில்லை, நீங்களாக அனுப்புகிற விளம்பரம் போன்ற செய்திக்குத்தான் ஒவ்வொன்றுக்கும் காசு. தமிழில் ஓட்டினால் செலவு எகிறும் என்று ஒரு பேச்சு உண்டு, ஒரு காலத்தில் அது சரிதான். சாட்ஜிபிடியை நடத்துகிற ஓப்பன்ஏஐ 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ என்ற புது மாடலை வெளியிட்டபோது காட்டிய எடுத்துக்காட்டில், ஒரே தமிழ் வாக்கியத்துக்கு முன்பு 116 டோக்கன் (ஏஐ எழுத்தை வெட்டி எண்ணுகிற துண்டு, காசும் அந்த எண்ணிக்கைக்குத்தான்) ஆனது 35 ஆகக் குறைந்திருந்தது. ஆக ஒரு சின்னக் கடைக்கு வருகிற செய்தி அளவுக்கு உள்ளே ஆகும் செலவு கொஞ்சம்தான். 4,000 என்றால் மீதி எதற்கு என்று கேளுங்கள். பராமரிப்புக்கு என்றால் என்ன பராமரிப்பு, விலை மாறினால் யார் மாற்றுவது, எத்தனை மணி நேரத்தில் என்று எழுத்தில் வாங்குங்கள்.

கோவில்பட்டி_கடை

திருப்பூர்த் தம்பி சொன்ன மாதிரி நோட்டில் குறித்தேன். பாதிக்கு மேல் மூன்றே கேள்விதான். கிலோ என்ன விலை, கூரியர் எவ்வளவு, பார்சல் எங்கே வந்திருக்கிறது. முதல் இரண்டுக்கும் குயிக் ரிப்ளை போட்டுவிட்டேன். கூரியர் கட்டணத்தை ஊர் வாரியாக எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கும் வீட்டுக்காரருக்கும் இரண்டு கணக்கு இருப்பது தெரிந்தது. அவர் கேட்பவரைப் பார்த்துக் குறைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது ஒரே கணக்கு.

உண்மையான தலைவலி வேறு. சுற்றுப்பட்டுக் கிராமத்துச் சின்னக் கடைக்காரர்கள் எழுத மாட்டார்கள், பேசித்தான் அனுப்புவார்கள். நேற்று வந்த ஒன்றை அப்படியே எழுதுகிறேன்: 'அண்ணாச்சி, போன தடவ போட்ட மாதிரியே போட்ருங்க, மிட்டாய் மட்டும் ஒரு அஞ்சு கிலோ கூட்டி, சேவு பாதி போதும், எள்ளுருண்டை புதுசா இருந்தா பாத்துப் போடுங்க, வெள்ளிக்கிழம வண்டியில ஏத்திருங்க.' இந்த மாதிரி ஒரு நாளைக்கு வருகிறதையெல்லாம் கேட்டு, எழுதி, பழைய சீட்டைத் தேடிப் பார்ப்பதில்தான் என் ராத்திரி போகிறது. இதற்கு ஏஐ உதவுமா?

கோவை_நிரல்

அக்கா, இதற்குத்தான் உதவும். வாடிக்கையாளருக்கு முன்னால் நிறுத்தாமல் உங்களுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். குரல் செய்தியை கூகுளின் ஜெமினியிலோ சாட்ஜிபிடியிலோ கொடுத்து இப்படிச் சொல்லுங்கள்: 'இது கடைக்கு வந்த ஆர்டர். பொருள், அளவு, ஊர், எப்போது வேண்டும், இந்த நான்கை மட்டும் எடுத்துக் கொடு. அவர் சொல்லாததை நீயாக நிரப்பாதே, அந்த இடத்தில் கேட்க வேண்டும் என்று எழுது. விலை சொல்லாதே. அவர் பேசியதை அப்படியே கீழே எழுத்திலும் கொடு.'

கடைசி வரி முக்கியம். பேசியது எழுத்தில் இருந்தால் தவறு எங்கே நுழைந்தது என்று பார்க்கலாம்.

உங்கள் எடுத்துக்காட்டையே வாசித்துப் பதிவு செய்து கொடுத்துப் பார்த்தேன். மிட்டாய்க்கு 'முந்தைய அளவு + 5 கிலோ, முந்தைய அளவு கேட்க வேண்டும்' என்று சரியாக வந்தது. வெள்ளிக்கிழமையும் சரி. ஆனால் 'சேவு பாதி போதும்' என்பதை 'சேவு அரை கிலோ' என்று எழுதிவிட்டது. போன தடவையில் பாதி என்று நமக்கு உடனே தெரிகிறது, அதற்குத் தெரியவில்லை. 'பாதி, கூட, குறைய என்று வந்தால் போன ஆர்டரோடு ஒப்பிட்டுச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்' என்று ஒரு வரி சேர்த்தபின் சரியானது. இந்த மாதிரி உங்கள் கடைப் பேச்சு என்னென்ன உண்டோ அதையெல்லாம் ஒரு பக்கத்தில் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், எந்த நிறுவனத்தின் ஏஐக்கு மாறினாலும் அந்தப் பக்கம் உங்களோடு வரும். ஒன்றரை, இரண்டரை மாதிரி எண்களைச் சீட்டு போடும் முன் காதால் ஒருமுறை கேட்டுவிடுங்கள், இரைச்சலில் பேசினால் அங்கேதான் வழுக்கும். சென்னை ஐஐடியில் ஏஐ4பாரத் குழு நம் மொழிகளின் பேச்சுக்கென்றே வேலை செய்கிறது, இது இன்னும் மேம்படும்.

தஞ்சை_கணக்கர்

இரண்டு எச்சரிக்கை.

ஒன்று வரி. என்னிடம் வருகிற ஒரு வாடிக்கையாளர் ஏஐயிடம் கேட்டு, பாக்கெட் போட்டு லேபிள் ஒட்டிய மிக்சருக்கு 12 சதவீதம் ஜிஎஸ்டி என்று பில் அடித்துக்கொண்டிருந்தார். 2025 செப்டம்பர் 22இலிருந்து அது 5 சதவீதம். 12இல் இருந்த பல பொருட்களை அன்றைக்கு 5க்கு இறக்கினார்கள். ஏஐ படித்த பழைய பக்கங்களில் எல்லாம் 12 என்றுதான் இருக்கும், தயங்காமல் அதையே சொல்லும். வரி, உரிமம், கடைசித் தேதி இதையெல்லாம் அறிவிப்பைப் பார்த்தோ உங்கள் ஆடிட்டரைக் கேட்டோதான் செய்ய வேண்டும். பில்களைப் பார்த்து வரிசையாக எக்செலில் ஏற்றுவது, வங்கிக் கணக்கோடு பொருத்தி எது விடுபட்டது என்று காட்டுவது, இதற்கு ஏஐ அருமை. நானே தினம் பயன்படுத்துகிறேன்.

இரண்டு, வாடிக்கையாளர் விவரம். பெயர், போன் நம்பர், வீட்டு முகவரியோடு இருக்கிற தாளை அப்படியே இலவச ஏஐயில் ஏற்றாதீர்கள். 2023இலேயே தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது, 2025 நவம்பரில் விதிகளும் வந்து படிப்படியாக அமலாகிறது. சட்டம் கிடக்கட்டும், உங்களை நம்பி நம்பர் கொடுத்த மனிதருக்கு நாம் செய்கிற மரியாதை அது. விற்பனைக் கணக்கு பார்க்க நம்பர் எதற்கு? அந்த நெடுவரிசையை அழித்துவிட்டு ஏற்றுங்கள்.

கும்பகோணம்_இனிப்பகம்

விற்பனைக் கணக்கு என்றதும் எழுத வந்தேன். மூன்று வருஷ விற்பனையைக் கொடுத்து 'அடுத்த மாதம் எவ்வளவு போடலாம்' என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நம் வியாபாரம் இங்கிலீஷ் மாதத்தில் நடப்பதில்லை. தீபாவளி 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20, 2026இல் நவம்பர் 8. அக்டோபரை அக்டோபரோடு ஒப்பிட்டால், 2026 அக்டோபர் ஆரம்பத்திலேயே சரக்கைக் குவிக்கச் சொல்லும், உண்மையான ஓட்டம் மாதக் கடைசியில்தான் தொடங்கும். நெய்ப் பண்டம் அவ்வளவு நாள் தாங்குமா?

நாங்கள் விற்பனைத் தாளில் இரண்டு நெடுவரிசை சேர்த்தோம். ஒன்று தமிழ் மாதம், இன்னொன்று தீபாவளிக்கு எத்தனை நாள் முன். முகூர்த்த நாளுக்கு ஒரு குறி, அமாவாசைக்கு ஒரு குறி, மழை கொட்டிய நாளுக்கு ஒன்று. அதன்பிறகு அது சொல்கிற கணக்கு எங்கள் மாஸ்டர் சொல்கிற கணக்குக்கு நெருங்கி வருகிறது. மாஸ்டர் கணக்கும் அதன் கணக்கும் எங்கே விலகுகிறதோ அங்கே உட்கார்ந்து பேசுகிறோம். ஒருமுறை மாஸ்டர் சொன்னதுதான் சரி, பக்கத்து ஊர்க் கும்பாபிஷேகம் தாளில் இல்லை. இன்னொரு முறை தாள் சரி, வெள்ளிக்கிழமைகளில் லட்டு மீந்துகொண்டே இருந்ததை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. மீந்துபோவது குறைந்ததுதான் எங்களுக்கு இதில் கிடைத்த நேரடி லாபம்.

ஸ்கார்பரோ_பலசரக்கு

கும்பகோணத்தார் சொன்னது அருமை. இங்கே எங்களுக்குத் தைப்பொங்கல், வருசப்பிறப்பு, நல்லூர்க் கொடியேற்றக் காலத்து மரக்கறி விரதம் எல்லாம் அப்படித்தான். வழமையான மென்பொருளுக்கு நத்தார் (கிறிஸ்துமஸ்) மட்டும்தான் தெரியும்.

கோவில்பட்டி_கடை

இன்னொன்று கேட்கிறேன். பாட் காட்டியவர், எங்கள் பொருளுக்கு ஏஐயில் விவரமும் படமும் செய்து தந்தார். படம் பளபளவென்று இருந்தது, ஆனால் அது எங்கள் மிட்டாய் இல்லை. முழுக் கடலையாக அடுக்கி, தேன் வடிகிற மாதிரி ஒரு படம். எங்களுடையது உடைத்த கடலை, வெல்லப் பாகு. விவரத்தில் 'தேனும் நெய்யும் சேர்த்து, நூறாண்டு பாரம்பரியத்தில்' என்று எழுதியிருந்தது. நாங்கள் தேன் சேர்ப்பதே இல்லை, கடைக்கு நூறு வயதும் ஆகவில்லை.

அதைவிடப் பயந்தது வேறொன்றுக்கு. சோதனைக்காக 'என் பையனுக்குக் கடலை ஒத்துக்காது, எள்ளுருண்டை கொடுக்கலாமா' என்று கேட்டேன். 'தாராளமாகக் கொடுக்கலாம், எள்ளுருண்டையில் கடலை இல்லை' என்று சொல்லிவிட்டது. எங்களிடம் இரண்டும் ஒரே மேசையில், ஒரே கரண்டியில் போடுகிறோம். கடலை ஒவ்வாத பிள்ளைக்கு அந்தத் துகள் போதும். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

மதுரை_ப்ளவுஸ்

அக்கா, இதற்குப் பிறகு யோசிக்கவே வேண்டாம். உடம்பு சம்பந்தப்பட்ட கேள்வியை எந்த பாட்டும் தொடக் கூடாது.

தஞ்சை_கணக்கர்

சேர்க்காத தேனைச் சேர்த்ததாகப் போட்டால் நுகர்வோர் சட்டத்தில் தவறான விளம்பரம், உணவுப் பாதுகாப்பு விதியிலும் மாட்டும். நிலக்கடலையை ஒவ்வாமைப் பொருளாக லேபிளில் காட்டச் சொல்லியே விதி இருக்கிறது. படம் உங்கள் போனிலேயே, வாசல் வெளிச்சத்தில் தட்டை வைத்து எடுங்கள். பின்னணியைச் சுத்தம் செய்ய ஏஐயை வைத்துக்கொள்ளலாம், பொருளை மாற்ற விடாதீர்கள்.

அப்படியே இன்னொன்று. கூகுளில் போட நல்ல விமர்சனம் எழுதித் தருகிறேன் என்று சில பேர் வருகிறார்கள், பக்கத்தில் விடாதீர்கள். வந்த விமர்சனத்துக்குப் பதில் எழுத ஏஐ வரைவு வாங்கலாம், ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி 'உங்கள் மதிப்புமிக்க கருத்துக்கு நன்றி' என்று போனால் படிப்பவருக்குத் தெரிந்துவிடும். முறுக்கு நமத்துப்போச்சு என்று ஒருவர் எழுதினால், எந்தத் தேதிப் பாக்கெட் என்று கேட்டு நீங்களே இரண்டு வரி எழுதுவதற்கு ஈடு கிடையாது.

திருப்பூர்_காஜா

பணம் வந்ததைச் சரிபார்க்கும் வேலையையும் பாட்டிடம் விடாதீர்கள். 'அனுப்பிட்டேன்' என்று ஸ்கிரீன்ஷாட் போடுகிறார்கள், அதைப் போலியாகச் செய்வது இப்போது மிகச் சுலபம். படத்தைப் பார்த்து 'பணம் வந்துவிட்டது நன்றி' என்று பாட் சொன்னால் சரக்கு போய்விடும். வங்கிச் செய்தியையோ யூபிஐ செயலியில் உங்கள் பக்க வரவையோ பார்த்துத்தான் பார்சல் கட்ட வேண்டும்.

கோவை_நிரல்

கடலைக் கேள்விக்கு அது சொன்ன பதிலைப் படித்து எனக்கே பதறுகிறது. அப்படி ஒரு பாட்டை எழுதியவர் விற்க வரக் கூடாது.

சரி, பின்னால் எப்போதாவது வாங்குவதாக இருந்தால் இதைக் கேளுங்கள். உங்கள் பழைய நம்பரையே ஏபிஐக்கு, அதாவது பாட் ஓடுவதற்கான வாட்ஸ்அப் இணைப்புக்கு, மாற்றுவார்களா? முன்பெல்லாம் அப்படி மாற்றினால் போனில் இருக்கிற செயலியில் அந்த நம்பர் வேலை செய்யாது, இப்போது இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளும் வசதி வந்திருக்கிறது, அதைத் தருகிறாரா என்று கேளுங்கள். நம்பர் யார் பெயரில் பதிவாகும்? நாளைக்கு வேண்டாமென்றால் நம்பரும் பழைய உரையாடல்களும் உங்கள் கைக்கு வருமா? ஊரெல்லாம் பழகின நம்பர் அது, கடைப் பெயர்ப்பலகையை அடுத்தவர் வீட்டில் அடகு வைக்கிற மாதிரி ஆகிவிடக் கூடாது.

இலவசமாகக் கிடைப்பதையும் நிரந்தரம் என்று எண்ண வேண்டாம். சாட்ஜிபிடியின் 'கோ' என்ற கட்டணத் திட்டம் 2025 ஆகஸ்டில் மாதம் 399 ரூபாய்க்கு வந்தது, நவம்பரில் ஓராண்டு இலவசம் என்றார்கள். ஒரு வருஷம் கழித்து என்ன விலை வைத்தாலும் வேறு ஒன்றுக்கு மாறுகிற மாதிரி உங்கள் விலைப்பட்டியலும் அந்தக் கடைப்பேச்சுப் பக்கமும் உங்கள் கையில் இருக்கட்டும்.

கோவில்பட்டி_கடை

எல்லோருக்கும் நன்றி. பாட் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். குரல் ஆர்டரைச் சீட்டாக்குவது நன்றாகவே நடக்கிறது, மகள் அந்தப் பக்கத்தில் தினம் இரண்டு வரி சேர்க்கிறாள். சீட்டு வந்ததும் நான் அதைப் படித்து 'இவ்வளவுதானே அண்ணாச்சி' என்று பேசி அனுப்பிவிடுகிறேன், அவர்களுக்கும் அது பிடித்திருக்கிறது. பார்சல் எங்கே என்ற கேள்விக்கு, சாயங்காலம் பார்சலை ஒப்படைத்த கையோடு டிராக்கிங் நம்பரை எல்லோருக்கும் அனுப்பிவிட ஆரம்பித்தோம், அதற்கு ஏஐ எதுவும் தேவைப்படவில்லை.

கடலை ஒவ்வாமைக்கு ஒரு குயிக் ரிப்ளை எழுதியிருக்கிறேன், சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள்: 'எங்கள் எல்லாப் பண்டமும் கடலை மிட்டாய் செய்யும் இடத்திலேயே செய்யப்படுகிறது. கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் எங்கள் பண்டம் எதையும் சாப்பிட வேண்டாம். சந்தேகம் இருந்தால் இதே நம்பரில் கூப்பிடுங்கள்.'

தஞ்சை_கணக்கர்

சரியாக இருக்கிறது. இதையே எள்ளுருண்டை, சேவு, மிக்சர் பாக்கெட் லேபிளிலும் போட்டுவிடுங்கள். அடுத்த முறை லேபிள் அச்சடிக்கும்போது சேர்க்கலாம் என்று தள்ளிப்போடாமல், இருக்கிற பாக்கெட்டுக்கு ஒரு ஸ்டிக்கர் அடித்து ஒட்டிவிடுங்கள்.